குடல் பைகள் அழற்சி காணும்போது

பெருங்குடலின் தசைச்சுவரைத் துளைத்து ரத்தக் குழாய்கள் நுழையும் இடங்கள் இயல்பிலேயே பலவீனமானவை. வயது ஏற ஏற, அந்த இடங்களில் உட்சவ்வு வெளியே பிதுங்கிப் பட்டாணி அளவில் சிறு பைகள் உண்டாகின்றன. ஸ்கேன் அறிக்கையில் ‘டைவர்டிகுலோசிஸ்’ என்று இருந்தால் பொருள் இவ்வளவுதான். பெரும்பாலோருக்கு இதனால் ஆயுள் முழுக்கத் தொந்தரவே இராது. பைகள் அழற்சி கண்டால்தான் அது டைவர்டிகுலைட்டிஸ். பைகள் உள்ளவர்களில் 20இல் ஒருவருக்கும் குறைவாகவே அந்த நிலை வருகிறது.

அடிவயிற்றில் விடாத வலி, காய்ச்சல், மலச்சிக்கல் அல்லது பேதி ஆகியவை அறிகுறிகள். மேலை நாட்டினருக்கு வலி பெரும்பாலும் இடப்பக்கம். ஆசியர்களிடம் வலப்பக்கப் பைகளும் கணிசம் என்பதால் அப்பெண்டிக்ஸ் என்று தோன்றிவிடும். ‘கேஸ் டிரபிள்’ என்று நினைத்து மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் பெரிய ஆபத்து: டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் குடலில் ஓட்டை விழும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

நோயை உறுதிசெய்வது சி.டி. ஸ்கேன். கொலனோஸ்கோபியை அழற்சி தணிந்து 6 முதல் 8 வாரம் கழித்தே செய்வார்கள். லேசான அழற்சிக்குச் சில நாள் கஞ்சி, மோர், ரசம் போன்ற நீராகாரமும் ஓய்வும் போதும். உடல்நலம் நன்றாக உள்ளவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் கூடத் தேவைப்படாமல் போகலாம் என்று அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன. அதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர். சீழ் கட்டினால் ஊசிக்குழாய் வழியே வெளியேற்றுவார்கள். வயிறு பலகைபோல் இறுகினால் குடல் ஓட்டையாகியிருக்கலாம். உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும்.

நார்ச்சத்துக் குறைவே இதற்குக் காரணம் என்று 1971இல் பெயின்டர், பர்கிட் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் வாதிட்டார்கள். புகை, உடல் பருமன், மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சி, மரபு ஆகியவற்றின் பங்கும் பின்னர் தெரியவந்தது. ஆனாலும் நார்ச்சத்தின் முக்கியத்துவம் குறையவில்லை. சென்னைவாசிகள் உண்ணும் கலோரியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்தே, அதிலும் பெரும்பகுதி வெள்ளை அரிசியிலிருந்தே வருவதாக, கோபாலபுரத்தில் இயங்கிய நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு 2009இல் காட்டியது. மயிலாப்பூர் தண்ணித்துறை மார்க்கெட்டில் வாங்கும் கீரை, அவரைக்காய், வாழைத்தண்டு, கொய்யாவும், மாலைச் சுண்டலும் அந்த உணவில் உள்ள நார்ச்சத்துக் குறையை ஈடுகட்டும். விதை, வேர்க்கடலை பையில் சிக்கி அழற்சி தரும் என்ற பழைய அச்சம் வீண். 47,000 ஆண்களைப் பின்தொடர்ந்து 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு அதை மறுத்துவிட்டது. ஆனால் வலி இருக்கும் நாட்களில் நார் உணவு வேண்டாம். தணிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, போதிய தண்ணீருடன் கூட்டலாம்.