நந்தன் கேட்ட லீவு

"நல்லாத்தான் பாடுறாங்கம்மா. ஆனா இவங்க லீவு கேக்கல. பாட்டுப் பாடுறாங்க."

ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்தில், எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இப்படிச் சொன்னார். அவர் அந்தக் காலத்துப் பால்வெட்டுத் தொழிலாளி. நான் அவருக்குப் போட்டுக் காட்டியது 'நந்தனார் சரித்திர'க் கீர்த்தனை ஒன்று. பெரிய வித்துவான் ஒருவர் சபாவில் பாடியது.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் வாழ்க்கையையும் இசையையும் பற்றி வானொலியில் ஆறு வாரத் தொடர் செய்துகொண்டிருந்தேன். பெயரைச் சொன்னதும், "மகாகவியா?" என்றுதான் பலரும் கேட்டார்கள். இல்லை. இவர் அவருக்கு முந்திய தலைமுறை. நாகப்பட்டினத்துக்கு அருகே நரிமணத்தில் பிறந்து, மாயவரம் பக்கம் ஆனைதாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். திருமணம் செய்துகொள்ளாதவர். தியாகராஜரை அவர் சந்தித்ததையும், ஆபோகி ராகத்தில் உடனே ஒரு கீர்த்தனை பாடியதையும் இசையுலகம் இன்றும் கதையாகச் சொல்கிறது.

முதல் மூன்று பகுதிகளை இப்படித்தான் எழுதி முடித்திருந்தேன். ராகம், தாளம், வரலாறு. நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்குப் போனதே, பழைய நேயர்கள் இரண்டு வார்த்தை பேசினால் நிகழ்ச்சிக்கு அழகாக இருக்கும் என்றுதான்.

பாட்டிக்கோ அந்தக் கதை முழுவதும் மனப்பாடம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நந்தன் நாடகம் போடுவார்களாம். அவருடைய அப்பாதான் நந்தன்.

"வேதியர் வேஷம் கட்டுனவரு எங்க கிராணி மாதிரியே பேசுவாரு. சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். மறுநாள் காலையில பெரட்டுல நிக்கும்போது கிராணி மொகத்தைப் பாக்க முடியாது!"

இதைக் கேட்டபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இந்த வேதியர் கிடையாது. அங்கே நந்தனார், கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்தவர். தில்லைக்குப் போகத் தயங்கி 'நாளைப் போவேன்' என்று தள்ளிப்போட்டவர். நந்தனைப் பண்ணையாளாக்கி, அவனுக்கு ஓர் ஆண்டையைப் படைத்தவர் பாரதியார். 'நாற்பது வேலி நிலத்தின் பயிர்வேலையை முடித்துவிட்டுப் போ' என்கிறார் அந்த வேதியர். ஒரு வேலி ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். கணக்குப் போட்டால் 260 ஏக்கருக்கு மேல்! இறைவன் அருளால் ஒரே இரவில் வேலை முடிகிறது. கடைசியில் ஆண்டையே நந்தன் காலில் விழுகிறார். அந்தணராகப் பிறந்த ஒருவர் எழுதிய காட்சி இது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு இந்த மாற்றமும் பிடிக்கவில்லை, நூலில் இருந்த இலக்கணப் பிழைகளும் பிடிக்கவில்லை. சிறப்புப் பாயிரம் கேட்டுப் போன பாரதியாரைப் பலமுறை திருப்பி அனுப்பினார். ஒருநாள் திண்ணையில் காத்திருந்த பாரதியார் தமக்குத் தாமே பாட, உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை உருகிப்போய்ப் பாயிரம் எழுதிக் கொடுத்தார். இதைப் பதிவு செய்திருப்பவர் பிள்ளையின் மாணவர் உ.வே. சாமிநாதையர். காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவில் நூல் அச்சேறியது. பிறகு கதாகாலட்சேபம், நாடகம், சினிமா என்று பரவியது. 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடத்தில் நந்தனாக நடித்தார். 1942-இல் ஜெமினி தயாரித்த படத்தில் தண்டபாணி தேசிகர் நடித்தார்.

கங்காணியோடு கப்பலேறி வந்தவர்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

பாட்டியின் அப்பா சிறுவயதில் வந்தவர். ஊரில் தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று கடிதம் வந்ததும் லீவு கேட்டிருக்கிறார். 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்று பதில். அடுத்த மாதத்துக்குள் தந்தி வந்துவிட்டது. "அந்த வருசத் திருவிழாவுல ஆண்டைகிட்ட அனுமதி கேக்குற பாட்டு வந்தப்போ, அப்பாவுக்குக் கொரலே எழும்பல. சனமே சேந்து பாடிச்சு."

கடைசிக் காட்சியைப் பற்றிக் கேட்டேன். தில்லைவாழ் அந்தணர்கள் தீ வளர்க்க, நந்தன் அதில் இறங்கி இறைவனோடு கலக்கும் காட்சி.

"அத எங்கப்பா போட மாட்டாரு. கோபுரத்தப் பாத்துக் கும்பிடுறதோட தெரைய விட்டுடுவாரு."

"ஏன் பாட்டி?"

"சாமி கும்புடப் போறவன் எதுக்கும்மா எரியணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறாவது பகுதியில் அந்தக் காட்சிக்கு நான் எழுதி வைத்திருந்தது ஒரே வரி. 'நந்தனார் ஜோதியில் கலந்தார்.' சாதியைப் பற்றிப் பேசினால் யாராவது தொலைபேசியில் சண்டைக்கு வருவார்கள் என்ற பயம். ஊடகத்துறையில் பட்டம் வாங்கியவள் நான். கேட்க வேண்டிய கேள்வியை, திருவிழா மேடையில் நடித்த ஒரு பால்வெட்டுக்காரர் என்றோ கேட்டுவிட்டார்.

அந்த வரியை நீக்கினேன். தீக்குளியலை அதன் பெயராலேயே சொன்னேன். சேக்கிழாரிலும் பாரதியாரிலும் அது இருப்பதையும், அந்த அப்பா அதை மேடையேற்ற மறுத்ததையும் சொல்லி, பாட்டியின் கேள்வியை அவர் குரலிலேயே ஒலிபரப்பினேன். அதற்குப் பிறகு பின்னணி இசை வைக்கவில்லை.

அழைப்புகள் வந்தன. திட்டியவர்களும் இருந்தார்கள். பகாவிலிருந்து ஓர் அண்ணன், தன் தாத்தாவின் நாடக நோட்டுப் புத்தகம் பரணில் கிடப்பதாகச் சொன்னார். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் இடிபட்டு, குடும்பங்கள் சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் சிதறிய பிறகும் மிஞ்சிய நோட்டு அது.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒன்று இருக்கலாம். அதைவிட முக்கியம், அதைப் பாடத் தெரிந்தவர் இன்னும் வீட்டில் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் பதிவு பொத்தானை அழுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.