கமெராப் பொறியும் காட்டுயிர்க் கணிப்பும்: சில குறிப்புகள்

'பொறி' என்னுஞ் சொல்லுக்குத் தமிழிலே பொருள்கள் பல. கண், செவி முதலாய புலனுறுப்புகளும் பொறிகளே; இயந்திரமும் பொறி; எலியை அகப்படுத்தும் கருவியும் பொறி. காட்டுயிர் ஆய்விலே இன்று பெருவழக்காகிவிட்ட கமெராப் பொறி இம்மூன்று பொருள்களையும் ஒருங்கே தாங்கி நிற்கின்றது. அது காண்கிறது, மனிதக் கையின்றி இயங்குகிறது, அகப்படுத்துகிறது. எதனைக் காண்கிறது, யாரை அகப்படுத்துகிறது என்பவை கருவியினால் மட்டும் தீர்மானிக்கப்படுபவையல்ல என்பதையே நாம் இங்கு எடுத்துக்காட்ட முனைகின்றோம். இலக்கிய மாணவர்க்குக் காட்டிலே என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அதற்கான விடை கட்டுரையின் இறுதியிற் புலனாகும்.

வேட்டைக்கும் இக்கருவிக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. 1890களில் அமெரிக்காவின் மிச்சிகன் காடுகளிலே, விலங்கு கம்பியில் இடறியதும் ஒளி பாய்ந்து படம் பதிவாகும் ஏற்பாட்டைச் செய்த ஜோர்ஜ் ஷைராஸ், முன்னர் துப்பாக்கி ஏந்தி வேட்டையாடியவர். அவருடைய படங்களை நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை 1906 யூலையில் வெளியிட்டது. இந்தியாவிலே ஐக்கிய மாகாணத்துக் காடுகளிற் பணியாற்றிய பிரித்தானிய வன அதிகாரி எப். டபிள்யூ. சம்பியன் 1920களில் இதே வகையிற் புலிகளைப் படம்பிடித்தார். சமஸ்தான மன்னர்களும் காலனித்துவ ஆளுநர்களும் தாம் கொன்ற புலியின் அருகே துப்பாக்கியுடன் நின்று படமெடுத்துக்கொண்ட காலம் அது. சம்பியனின் படங்களில் வேட்டைக்காரன் இல்லை, புலி உயிரோடிருந்தது. புலிக்குப் புலி வரிகள் வேறுபடுதலையும் அவர் கவனித்திருந்தார். எனினும் அக்கவனிப்பு ஒரு கணக்கெடுப்பு முறையாக மலர்வதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றன.

இன்றைய பொறியின் இயக்கம் எளியது. மரத்திலே முழங்காலளவு உயரத்திற் கட்டப்படும் பெட்டியினுள் அகச்சிவப்புக் கதிரை உணரும் சிறு உறுப்பொன்று உண்டு. சூழலின் வெப்பத்திலிருந்து வேறுபட்ட உடலொன்று அதன் முன்னே அசையுமாயின் கமெரா இயங்கும். திகதியும் நேரமும் படத்துடன் பதிவாகும். வெயிலிற் சூடேறிய இலைகள் காற்றில் ஆடினாலும் படம் விழும். கோடை நண்பகலில் உடலும் சூழலும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தை எய்தும்போது விலங்கு தப்பிவிடுதலும் உண்டு. யானைகள் பெட்டியைப் பிடுங்கி மிதிப்பது வேறு. புலி ஆய்வில் பாதையின் இருமருங்கிலும் கமெராக்கள் வைக்கப்படுகின்றன. ஒரே புலியின் இடப்புற வரிகளும் வலப்புற வரிகளும் ஒத்தவையல்ல என்பதே காரணம்.

படம்பிடித்தல் வேறு, எண்ணுதல் வேறு. கர்நாடகத்து நாகரஹொளேக் காட்டில் 1990களின் முற்பகுதியிலே உல்லாஸ் கரந்த் (கன்னட நாவலாசிரியர் சிவராம கரந்தின் மைந்தர்) இவ்விரண்டையும் இணைத்தார். அவர் கைக்கொண்டது மீன்களையும் பறவைகளையும் கணிக்க முன்னரே பயன்பட்ட, குறியிட்டு மீண்டும் பிடிக்கும் முறையாகும். முதற் சுற்றில் 15 புலிகள் படத்தில் விழுந்தன எனக் கொள்வோம். இரண்டாஞ் சுற்றில் விழுந்த 12இல் 6 முன்னரே கண்டவை. கண்டவற்றுட் பாதி பழையனவாயின், முதலிற் கண்ட 15உம் மொத்தத்திற் பாதியாகலாம். ஆகவே மொத்தம் 30 எனக் கணிக்கலாம். நடைமுறையிற் கணிதம் இதனினும் சிக்கலானது. ஆயினும் அடிப்படை ஒன்றே: காணப்படாதவற்றையும் கணக்கிற் சேர்த்தல். புலிக்கு வரி போலச் சிறுத்தைக்குப் புள்ளி. எமது நாட்டிலே யால, வில்பத்து ஆகிய வனங்களிற் சிறுத்தைகளை ஆராய்வதற்கும் இம்முறை பயன்பட்டுள்ளது. உடலில் இத்தகைய அடையாளமற்ற மரை, பன்றி முதலியவற்றை இவ்வண்ணம் எண்ணுதல் இயலாது.

இதற்கு முன்னர் இந்தியாவிலே கோலோச்சியது அடிச்சுவட்டு முறை. வனக்காவலர் புலியின் தடத்தைக் கண்ணாடியின்மீது வரைந்து கொணர்வர். அவற்றை ஒப்பிட்டுத் தனித்தனிப் புலிகளை இனங்காணலாம் என நம்பப்பட்டது. 2004இல் ராஜஸ்தானின் சரிஸ்காக் காப்பகத்தில் 16 முதல் 18 வரையான புலிகள் உள்ளனவென உத்தியோகபூர்வக் கணக்குக் கூறிற்று. மறு ஆண்டிலே அங்கு ஒரு புலியும் இல்லையென்பது உறுதியாயிற்று, கள்ளவேட்டைக்காரர் முடித்துவிட்டிருந்தனர். 2001-02இல் 3,642 எனப்பட்ட நாடளாவிய தொகை, கமெராவும் புள்ளிவிபரவியலும் துணைநின்ற 2006ஆம் ஆண்டுக் கணிப்பில் 1,411 ஆயிற்று. இவ்விடைவெளி முழுவதும் இறந்த புலிகளல்ல. அதிற் பெரும்பங்கு ஒருபோதும் இருந்திராத புலிகள் என்றே நாம் கருதுகின்றோம். தடம் பார்க்கும் காவலரின் அறிவு பொய்யன்று. அவ்வறிவைக்கொண்டு, ஆண்டுதோறும் ஏறுமுகமான எண்களை வேண்டி நின்ற நிருவாகமே பொய்த்தது.

கமெராவின் படம் எவராலும் எடுக்கப்படாதது போன்று தோற்றமளிக்கிறது. அதன் நம்பகத்தன்மைக்கு அத்தோற்றமே காரணம், மயக்கமும் அதுவே. 2018ஆம் ஆண்டு இந்தியக் கணிப்பில் 26,838 இடங்களிற் கமெராக்கள் வைக்கப்பட்டன. விழுந்த படங்கள் 3 கோடியே 48 இலட்சத்துக்கு மேல். அவற்றுட் புலிப்படங்கள் 76,651. புலி எப்பாதையால் நடக்கும் என்றறிந்து பெட்டியைக் கட்ட ஒருவர் வேண்டும். மின்கலம் மாற்ற மீண்டும் நடக்கவேண்டும். கணனி பெரும்பகுதியை வகைபிரித்த போதிலும் காட்டுக்குள் நடந்த கால்கள் மனிதக் கால்களே. சந்தைப் பண்டத்திலே உழைப்பு மறைந்துகிடப்பதுபோல இப்படங்களிலும் அது மறைந்துகிடக்கிறது.

இனி, அகப்படுவோர் பற்றி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் திரிஷாந்த் சிம்லாய், உத்தராகண்டிலுள்ள கோர்பெற் புலிகள் காப்பகத்தை அண்டிய கிராமங்களில் 14 மாதங்கள் தங்கி ஏறத்தாழ 270 பேருடன் உரையாடினார். அவ்வாய்வு 2024இல் வெளிவந்தது. விறகும் புல்லும் தேடி அக்காட்டுக்குட் செல்வோர் பெண்களே. ஆணாதிக்கம் மிக்க வீட்டிலிருந்து விலகிச் சிரிக்கவும் மனம்விட்டுப் பேசவும் அவர்களுக்குக் காடே இடமளித்தது. விலங்குகளுக்கென வைத்த கமெராவில், இயற்கைக் கடனுக்காக ஒதுங்கிய பெண்ணொருத்தியின் படம் விழுந்து ஊரார் கைபேசிகளிற் பரவியது. சினங்கொண்ட கிராமத்தவர் அகப்பட்ட கமெராக்களை உடைத்தெறிந்தனர்.

அப்பெண்கள் காட்டிலே பாடிக்கொண்டு செல்வது வழக்கம். மனித அரவம் கேட்டு யானையும் புலியும் விலகிச் செல்லும் என்பதற்காகவே பாட்டு. தாலாட்டு, ஒப்பாரி, தொழிற்பாடல் என்று நாட்டார் பாடல்களை வகுத்து வந்துள்ள நாம், அரிவாளும் கயிறும் போன்று உயிர்காக்கும் கருவியாகவே பயன்படும் இப்பாடலை எவ்வகையில் அடக்குவது? யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வினால் அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டனர், பாட்டும் குறைந்தது. கமெராக்களைத் தவிர்ப்பதற்காகச் சிலர் பழக்கமில்லாத உட்காட்டுக்குட் சென்றனர். சிம்லாய் உரையாடிய பெண்களுள் ஒருவர் பின்னர் புலி தாக்கி இறந்தார்.