தலைக்கணக்கும் சிறு பாடசாலைகளும்: மன்னார் மாவட்ட ஆரம்பக் கல்வி பற்றிச் சில குறிப்புகள்

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வெளியானதும் நமது ஊர்களில் முதலில் எழும் கேள்வி, "எங்கட ஸ்கூல்ல எத்தின புள்ள பாஸ்?" என்பதுதான். அந்த எண்ணைக் கொண்டே அதிபரையும் ஆசிரியரையும் எடைபோட்டு விடுகிறோம். பெரிய நகரப் பாடசாலைக்கு இந்த அளவுகோல் ஓரளவு பொருந்தலாம். சின்னஞ்சிறிய பாடசாலைக்குப் பொருந்துமா?

மன்னார் சிறிய மாவட்டம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இங்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் வாழ்ந்தனர். ஐந்து பிரதேச செயலாளர் பிரிவுகளும் மன்னார், மடு என இரண்டு கல்வி வலயங்களும் உள்ளன. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முசலி, எருக்கலம்பிட்டி போன்ற இடங்களின் மக்களில் பெருந்தொகையினர் புத்தளத்துக்குப் போனார்கள். 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரே மீள்குடியேற்றம் வேகம் பிடித்தது. ஆனால் இடையில் ஒரு தலைமுறையே புத்தளத்தில் பிறந்து வளர்ந்துவிட்டது. இன்றும் பல குடும்பங்களுக்கு அங்கொரு வீடு, இங்கொரு வீடு. பிள்ளையின் பெயர் எந்தப் பாடசாலை இடாப்பில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

பணம் எப்படி வருகிறது?

1987 இல் நிறைவேறிய 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு, தேசிய பாடசாலைகள் தவிர்ந்த மற்றவை மாகாண சபையின் கீழ் வந்தன. ஆரம்பப் பாடசாலைகள் பெரும்பாலும் இந்த வகையே. மாகாணக் கல்விச் செலவில் மிகப் பெரிய பங்கு சம்பளத்துக்குப் போகிறது. 1980 முதல் இலவசப் பாடநூலும், 1993 முதல் இலவசச் சீருடைத் துணியும் அரசாங்கம் கொடுக்கிறது. இவற்றுக்கு அப்பால், கற்பித்தலுக்கான பொருள்களை வாங்கப் பாடசாலையின் கைக்கு வருவது தர உள்ளீட்டு நிதி. அதற்குப் பிரதான அடிப்படை மாணவர் தொகை. ஆசிரியர் ஆளணியையும் மாணவர் தொகையை வைத்தே கணக்கிடுகிறார்கள்.

தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் நீதியான ஏற்பாடுதான். ஆனால் ஒரு பேச்சுக்கு, ஒரு பிள்ளைக்கு 500 ரூபா என்று வைப்போம். 400 பிள்ளைகள் உள்ள பாடசாலைக்கு 200,000 ரூபா. 40 பிள்ளைகள் உள்ள பாடசாலைக்கு 20,000 ரூபா. போட்டோக்கொப்பி மெஷின் விலை இரண்டு இடத்துக்கும் ஒன்றுதானே? ஒரு வகுப்புக்குத் தேவையான சுவர்ப்படம், வாசிப்பு அட்டை, கணிதக் கருவிகள் எட்டுப் பிள்ளைக்கும் வேண்டும், முப்பத்தைந்து பிள்ளைக்கும் வேண்டும். சிறிய பாடசாலைக்குச் சற்றுக் கூட்டிக் கொடுத்தாலும் மொத்தத் தொகை சிறிதாகவே நிற்கும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் திரட்டும் காசிலும் இதே நிலைதான். நகரத்தில் பெற்றோரும் பழைய மாணவரும் சேர்ந்து ஒரு மண்டபத்தையே எழுப்பிவிடுவார்கள். மீனவரும் கூலித்தொழிலாளரும் பெற்றோராக இருக்கும் ஊரில் கூரைத் தகடு மாற்றவே சங்கம் திணறும்.

பெறுபேறு எதைச் சொல்கிறது?

ஒரு பாடசாலையில் நான்கு பேர் பரீட்சை எழுதி ஒருவர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் 25 வீதம். அடுத்த வருடம் இருவர் தாண்டினால் 50 வீதம். பெறுபேறு இரட்டிப்பாகிவிட்டது என்று பதாகை கட்டலாம். அதற்கடுத்த வருடம் ஒருவரும் தாண்டாவிட்டால் பூச்சியம்; உடனே ஆசிரியரை மாற்று என்று கூட்டம் போடுவோம். மூன்று வருடமும் கற்பித்தல் ஒரே மாதிரி நடந்திருக்கலாம். ஓரிரு பிள்ளைகள்தான் இந்த வீதங்களை ஆட்டி வைக்கிறார்கள்.

இப்பரீட்சையின் நோக்கமும் வேறு. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப்பணம் கொடுப்பதும், பிரபல பாடசாலைகளின் ஆறாம் தரத்துக்குப் பிள்ளைகளைத் தெரிவதுமே அது. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டமும் மொழிமூலத்துக்கு மொழிமூலமும் வேறுபடும். அதைத் தாண்டாத பிள்ளை ஒன்றும் படிக்கவில்லை என்று அர்த்தமில்லை.

நான் தமிழ் படிப்பிப்பவன். ஆறாம் தரத்துக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் வாரத்தில் ஒரு பந்தியை வாசிக்கச் சொல்வது என் வழக்கம். புலமைப்பரிசில் புள்ளியைவிட அந்த ஐந்து நிமிடம் எனக்குக் கூடுதலாகச் சொல்கிறது. சரளமாக வாசிக்காத பிள்ளைக்கு வரலாறும் விஞ்ஞானமும் கூடக் கைகூடுவதில்லை. அந்தக் குறை பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் தரங்களிலேயே தொடங்கியிருக்கும். ஆனால் அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஊரின் கவனமும் மேலதிக வகுப்பும் அனுபவமுள்ள ஆசிரியரும் ஐந்தாம் தரத்துக்கே போய்விடுகின்றன.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சுற்று தெரியும். பிள்ளை குறைவு, அதனால் காசும் ஆசிரியரும் குறைவு, ஒரே ஆசிரியர் இரண்டு தரங்களை ஒன்றாக வைத்துப் படிப்பிக்கிறார், பெறுபேறு தளர்கிறது. வசதியுள்ள பெற்றோர் "புள்ளைட படிப்புக்காக" புத்தளத்திலோ மன்னார் நகரத்திலோ தங்கிவிடுகிறார்கள். பிள்ளைத்தொகை இன்னும் குறைகிறது. மீள்குடியேறிய கிராமங்களுக்கு இது படிப்போடு நிற்கும் பிரச்சினை அல்ல. பாடசாலை தேய்ந்தால் திரும்பி வந்த குடும்பமும் மீண்டும் மூட்டை கட்டும்.

நாம் செய்யக்கூடியது என்ன?

அரசிடம் கேட்க வேண்டியது, சிறு பாடசாலைக்குத் தலைக்கணக்குக்கு அப்பால் ஒரு குறைந்தபட்ச நிலையான தொகையும், ஆரம்பப் பிரிவில் குறைந்தபட்ச ஆசிரியர் எண்ணிக்கையும். இதைத் தனித்தனி ஊராகக் கேட்காமல் வலயத்திலுள்ள சிறு பாடசாலைகள் தமிழ், முஸ்லிம் என்று பாராமல் ஒன்றாகக் கேட்பதே பயன் தரும். கஷ்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஊரில் செய்ய வேண்டியதற்கு அரசைக் காத்திருக்கத் தேவையில்லை. அபிவிருத்திச் சங்கப் பொதுக்கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இவ்வருடம் தர உள்ளீட்டு நிதி எவ்வளவு வந்தது? அதில் எந்த வகுப்புக்கு என்ன வாங்கினீர்கள்? மூன்றாம் தரத்தில் எத்தனை பிள்ளைகள் தடங்கலின்றி வாசிக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையென்றால், பரிசளிப்பு விழாவுக்கும் பதாகைக்கும் சேர்க்கும் காசில் பாதியைக் கீழ்வகுப்புக் கதைப்புத்தகங்களுக்கு ஒதுக்கி, அந்தக் கணக்கை எடுக்க ஆரம்பிக்கலாம்.