மலைக்கோட்டைப் படியும் கூடத்து டிரெட்மில்லும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த ஸ்ரீரங்கத்தில், விடியற்காலையில் அம்மா மண்டபத்துக்கு நீராடப் போகிறவர்களும் சித்திரை வீதிகளைப் பிரதட்சிணமாகச் சுற்றி வருகிறவர்களும் இன்றும் குறைந்துவிடவில்லை. ஆயினும் அதே வீதிகளின் வீட்டுக் கூடங்களில், ஒரு காலத்தில் ஊஞ்சல் ஆடிய இடத்தை இப்பொழுது ஒரு டிரெட்மில் அடைத்துக்கொண்டு நிற்பதையும், அதன் ஒரு கைப்பிடியில் ஈரத் துண்டும் மறு கைப்பிடியில் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையும் உலர்ந்துகொண்டிருப்பதையும் காணாதவர் இருக்க முடியாது. வாங்கிய மாதத்தில் வீட்டார் அனைவரும் முறை வைத்து ஏறிய யந்திரம் அடுத்த தீபாவளிக்குள் துணிக்கொடியாகிவிடுவதற்கு யந்திரத்தின் தரக்குறைவு காரணமன்று. எதற்காக வாங்குகிறோம் என்பதைத் தெளிந்துகொள்ளாமல் வாங்கியதே காரணம்.

தேகம் இளைக்க வேண்டிய அவசியம் நம்மவர்க்கு இருக்கிறது என்பதில் ஐயமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு தழுவி நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் நீரிழிவு உள்ளவர்கள் என்றும், ஐந்தில் ஏறத்தாழ இருவருக்கு வயிற்றைச் சுற்றிய கொழுப்பு மிகுந்திருக்கிறது என்றும் தெரிவித்தது. மேல்நாட்டாருக்கு உடல் எடைக் குறியீடு 25-ஐத் தாண்டினால்தான் அதிக எடை. நம்மவருக்கோ 23-லேயே எச்சரிக்கை தொடங்கிவிடுகிறது. அதாவது ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ளவர் 63 கிலோவை எட்டும்போதே விழித்துக்கொள்ள வேண்டும். தராசு இல்லாதவர்கள் இடுப்பை அளந்து பார்க்கலாம். ஆடவருக்கு 90, பெண்டிருக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை.

படிக்கணக்கும் வடைக்கணக்கும்

திருச்சிராப்பள்ளிக்காரர்களுக்கு இயற்கையே ஓர் அப்பியாச சாலையைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஏறத்தாழ 83 மீட்டர் உயரமுள்ள மலைக்கோட்டையில், தாயுமானவர் சந்நிதியைத் தாண்டி உச்சிப்பிள்ளையாரிடம் போய்ச் சேருகிறவருக்கு மூச்சு இரைக்கும், தொடை கனக்கும், முதுகில் சட்டை ஒட்டிக்கொள்ளும். இத்தனை சிரமத்துக்கும் செலவான சக்தி எவ்வளவு என்று கணக்கிட்டால், 70 கிலோ எடையுள்ளவருக்கு ஏறும் வழியில் சுமார் 60 கலோரிதான் வருகிறது. இறங்கி வந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை ஹோட்டலில் தின்னும் ஒற்றை உளுந்து வடையின் கணக்கைத் தீர்க்க அது போதாது. அதே மனிதர் நாள்தோறும் முக்கால் மணி நேரம் விரைந்து நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக் கூடியது போக, மிச்சமாகக் கரைவது 130 கலோரி அளவே. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருப்பதால், உண்பதில் எதுவும் மாறாதவரையில், ஒரு கிலோ இளைக்க இரண்டு மாதம் ஆகும்.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு இலைக்கு உரியது. குறைந்த எடையை நிலைநிறுத்துவதிலும், எடை குறையாவிட்டாலும் இருதயத்தைக் காப்பதிலும் பெரும்பங்கு காலுக்கு உரியது. லண்டன் நகரத்து இரட்டை மாடி பஸ்களை ஜெர்மி மாரிஸ் என்ற வைத்தியர் ஆராய்ந்து 1953-இல் வெளியிட்ட முடிவு, நாளெல்லாம் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, நாளெல்லாம் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு மிகவும் குறைவு என்று காட்டியது. நித்தியம் ஏறிய படிகளே அவர்களைக் காத்தன. என்றோ ஒரு நாள் மலை ஏறியதால் வந்த பலன் அன்று அது.

எந்த யந்திரம், யாருக்கு?

1818-இல் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் கியூபிட் என்பவர் சிறைக்கைதிகளை மிதிக்க வைப்பதற்காக அமைத்த மிதிசக்கரத்தின் பெயரைத்தான் இன்று நாம் பணம் கொடுத்து வாங்கும் டிரெட்மில் தாங்கி நிற்கிறது. வாங்குவது என்று தீர்மானித்தவர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். “சார், நாலு எச்.பி. மோட்டார், குதிரை மாதிரி ஓடும்” என்று கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் ஒரு கணம் எட்டும் உச்ச சக்தியைத்தான்; இடைவிடாது ஓடும்போது எவ்வளவு என்று கேட்டுக்கொள்வது நலம். தாங்கும் எடை நம் எடையைவிட இருபது கிலோவாவது கூடுதலாக இருக்கட்டும். நடப்பதற்கு 120 சென்டிமீட்டர் நீளமுள்ள பெல்ட் போதும். ஓடுகிறவருக்கு அதனினும் நீளம் தேவை. யந்திரத்தின் மேல் ஏறியவர் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்துவிடுவதால், மேலே சுழலும் மின்விசிறியையும் அளந்து பார்ப்பது தலைக்கு நல்லது. ஏறியபின் கைப்பிடியில் சாய்ந்து நடப்பவர் பாதி உழைப்பைக் கம்பியிடம் ஒப்படைத்துவிடுகிறார். திரையிலே மின்னும் கலோரிக் கணக்கோ பெரும்பாலும் தாராளமானது.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் பருத்த சரீரத்தினருக்கும் நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிளே அனுகூலமானது. உடலின் பாரத்தை ஆசனம் தாங்கிக்கொள்கிறது, இடமும் சொற்பமே வேண்டும், காந்தத் தடை உள்ளதாயின் அடுத்த அறையில் உறங்குகிறவருக்கும் தொந்தரவில்லை. மிதி கீழே இறங்கும்போது முழங்கால் சிறிதே மடங்கியிருக்கும்படி ஆசனத்தை உயர்த்திக்கொள்ள வேண்டும். பாதம் மிதியை விட்டு எழும்பாத எலிப்டிகல் யந்திரம் மூட்டுக்கு அதிர்ச்சி தராதது; ஆனால் விசாலமான அறை கேட்கும். எல்லாவற்றிலும் மலிவானது ஸ்கிப்பிங் கயிறு. பத்து நிமிஷத்தில் வேர்க்க வைத்துவிடும் என்றாலும், மூட்டு பலவீனமானவர்களுக்கும் மாடிக் குடித்தனக்காரர்களுக்கும் அது உதவாது.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான பயிற்சியும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்தது. மிதம் என்பதை ஸ்ரீரங்கத்தார் எளிதில் அறியலாம்: நடந்துகொண்டே பாசுரத்தைச் சொல்ல முடிய வேண்டும், ராகமிட்டுப் பாட முடியக்கூடாது. நெஞ்சுவலி, இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரைக் கண்டு பேசிய பிறகே தொடங்குவது விவேகம்.

யந்திரம் வாங்க நினைப்பவர் முதலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், குறித்த வேளையில் வீதியில் நடந்து பார்ப்பது உத்தமம். தவறிய நாட்களில் தடுத்தது எது என்பதை மட்டும் காலண்டரிலே குறித்துக்கொண்டால் போதும். சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும், இருட்டில் தனியே போகும் பெண்களுக்கு ஏற்படும் அச்சமும் தடுத்திருந்தால் டிரெட்மில்லுக்கு வேலை இருக்கிறது. முழங்கால் தடுத்திருந்தால் சைக்கிள். நேரமின்மை தடுத்திருந்தால் கயிறு. சோம்பல் மட்டுமே தடுத்தது என்று காலண்டர் சொல்லுமாயின், அதற்கான யந்திரத்தை எந்தக் கடையிலும் விற்பதில்லை. அந்தப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டு, மறுநாள் காலை மீண்டும் நடந்து பார்ப்பதே சிக்கனமான வழி.