பெயர் என்ன? "வேண்டாம்"!

பெண்ணாய்ப் பிறந்த குற்றத்துக்கு வைத்த பெயர்! மாற்றிக்கொள்ள வழி உண்டு!!

அரசாங்க ஆஸ்பத்திரி. வெளிநோயாளிகள் பகுதியில் கூட்டம் நெரிகிறது. நர்ஸ் அம்மா சீட்டை எடுத்துப் பெயர் கூப்பிடுகிறார்.

"வேண்டாம்!"

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் முழிக்கிறார்கள். எது வேண்டாம்? ஊசி வேண்டாமா, மாத்திரை வேண்டாமா?

"நான்தாங்க வேண்டாம்" என்று ஓர் இளம்பெண் எழுந்து வருகிறாள். குப்பென்று சிரிப்பு. அவள் தலை குனிந்தபடி உள்ளே போகிறாள்.

இந்தக் காட்சி கற்பனை. ஆனால் பெயர் கற்பனை அல்ல!

"வேண்டாம்" என்ற பெயரில் தமிழ்நாட்டில் பெண்கள் இருக்கிறார்கள். திருத்தணி வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் இந்தப் பெயரோடு பல பெண்கள் இருக்கிற விஷயம் 2019-ல் பத்திரிகைகளில் வெளிவந்தது. படித்தவர்கள் திகைத்தார்கள். "இப்படியும் பெயர் வைப்பாங்களா?" என்று கேட்டார்கள்.

வைத்தார்கள். காரணமும் வைத்திருந்தார்கள்!

சாமிக்கு ஒரு தந்தி

முதல் குழந்தை பெண். "மகாலட்சுமி வந்திருக்கா" என்று சர்க்கரை கொடுத்தார்கள். இரண்டாவதும் பெண். "போகட்டும், சரஸ்வதி" என்று மனதைத் தேற்றிக்கொண்டார்கள். மூன்றாவதும் பெண்! பாட்டி முகம் சுருங்கிவிட்டது. தகப்பனார் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

நகை போட வேண்டும், சீர் செய்ய வேண்டும், வரதட்சிணை கொடுக்க வேண்டும் என்ற கவலை ஒரு பக்கம். கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லையே என்ற கவலை இன்னொரு பக்கம். அப்போது ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் யோசனைதான் இது: "இந்தப் பொண்ணுக்கு 'வேண்டாம்'னு பேர் வைங்க. அடுத்தது ஆம்பளைப் புள்ளதான்!"

அதாவது, இனிமேல் பெண் அனுப்பாதே என்று சாமிக்கு அடிக்கிற தந்தி. தந்தி சாமிக்கு, அதைச் சுமப்பதோ குழந்தை!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குழந்தை ஆணா, பெண்ணா என்பதை முடிவு செய்வது தகப்பனிடமிருந்து வரும் அணு. தாயின் கருமுட்டையில் எப்போதும் 'எக்ஸ்' குரோமோசோம்தான். தகப்பன் தருவது 'எக்ஸ்' என்றால் பெண். 'ஒய்' என்றால் ஆண். இதில் தாய்க்கும் பங்கில்லை. ஏற்கனவே பிறந்துவிட்ட குழந்தையின் பெயருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை!

"போதும்பொண்ணு"

பெயர் ஊருக்கு ஊர் மாறும். வட மாவட்டங்களில் "வேண்டாம்", "வேண்டா". சில வீடுகளில் மனம் கேட்காமல் வால் ஒன்றைச் சேர்த்து "வேண்டாமிர்தம்" என்று இனிப்புத் தடவுவார்கள்.

மதுரை, தேனிப் பக்கம் போனால் "போதும்பொண்ணு". பொருள் சொல்லத் தேவையில்லை. இதையே "போதும்பொன்னு" என்று எழுதிவிட்டால் பெண் 'பொன்' ஆகிவிடுகிறாள்! சாதாரண எழுத்துப் பிழைதான். ஆனால் அந்தப் பிழையில் கொஞ்சம் மரியாதை இருக்கிறது.

பட்டணத்துக்காரர்கள் நாசூக்காகச் செய்தார்கள். கச்சேரியின் கடைசிப் பாட்டு மங்களம் அல்லவா? பெண் வரிசை இத்தோடு முடியட்டும் என்று கடைசிப் பெண்ணுக்கு "மங்களம்" என்று பெயர் வைத்த குடும்பங்கள் உண்டு. "சம்பூர்ணம்" என்று வைத்தவர்களும் உண்டு. காதுக்கு இனிமையான பெயர்கள். உள்ளே இருப்பது அதே "போதும்"!

தமிழ்நாடு மட்டும்தானா என்றால், இல்லை. வங்காளத்தில் "ஆன்னாகாளி" என்ற பழைய பெயர் ஒன்று உண்டு. "காளியம்மா, இனி வேண்டாம்" என்று பொருள். அரியானாவில் "பதேரி". போதும் போதும் என்று அர்த்தம். மராத்தியில் "நகோஷி" அல்லது "நகூசா". வேண்டாதவள்! பாஷைதான் வேறு. பாட்டியின் முகச்சுளிப்பு ஒன்றுதான்.

குப்பை வேறு, வேண்டாம் வேறு

"அந்தக் காலத்தில் குப்பன், பிச்சை என்றெல்லாம் பெயர் வைக்கவில்லையா? இதுவும் அப்படித்தான்" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு.

பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் தவறிப்போன வீட்டில், அடுத்துப் பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுப்பார்கள். குப்பன், குப்பம்மாள், குப்புசாமி என்று பெயர் வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிடு கொடுத்து திரும்ப வாங்குவார்கள். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை! மூக்குக் குத்தி, மூக்கன், மூக்கம்மாள் என்றும் வைப்பார்கள். சாமியிடம் கையேந்தி வாங்கியதாக நினைத்துப் "பிச்சை" என்பார்கள். 2015-ல் சுந்தர் பிச்சை கூகுள் கம்பெனியின் தலைவரானதும், அந்தப் "பிச்சை" என்ற சொல் உலகம் பூராவும் போய்விட்டது.

இந்தப் பெயர்கள் எல்லாம் எமனை ஏமாற்ற வைத்தவை. "இது குப்பை, இதை எடுத்துப் போகாதே" என்று எமனிடம் சொல்லி, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்ட பெயர்கள். பிள்ளை வேண்டும் என்பதற்காக வைத்த கெட்ட பெயர்!

"வேண்டாம்" அப்படி அல்ல. பிள்ளையையே வேண்டாம் என்கிற பெயர். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கலியாணப் பத்திரிகையில்...

பெயர் வைத்த தகப்பன் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடக் கூடாது. அதே தகப்பன்தான் காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவான். திருவிழாவில் வளையல் வாங்கிக் கொடுப்பான். வீட்டில் "பாப்பா", "அம்மு" என்றுதான் கூப்பிடுவார்கள்.

வினை தொடங்குவது பள்ளிக்கூடத்தில். வருகைப் பதிவேட்டில் வாத்தியார் "வேண்டாம்" என்று கூப்பிட, அந்தப் பிள்ளை "உள்ளேன் ஐயா" என்று எழுந்து நிற்க வேண்டும். தினமும் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை! பிறகு மதிப்பெண் பட்டியல், ஆதார், பாஸ்போர்ட், பாங்கிக் கணக்கு என்று பெயர் கூடவே வரும். கடைசியில் கலியாணப் பத்திரிகை. மணமகன் பெயருக்குப் பக்கத்தில் மணமகள் "வேண்டாம்"! படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

ஆனால் பெயர் தலையெழுத்து அல்ல. அதே திருத்தணி வட்டாரத்தில் "வேண்டாம்" என்ற மாணவி ஒருவர் பொறியியல் படித்து வெளிநாட்டுக் கம்பெனி வேலைக்குத் தேர்வானார். 2019-ல் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் பெண் குழந்தைகளைக் காக்கும் பிரசாரத்துக்கு அவரையே தூதராக்கியது. வேண்டாம் என்று பெயர் வாங்கியவர், "பெண் வேண்டும்" என்று சொல்ல வந்தார்!

285 பெண்களுக்குப் புதுப் பெயர்

மகாராஷ்டிர மாநிலம் சத்தாரா மாவட்டத்தில் அதிகாரிகள் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். "நகூசா" என்ற பெயரோடு 285 பெண்கள் இருப்பது தெரிந்தது. 2011 அக்டோபர் 22-ந் தேதி விழா நடத்தி, எல்லோருக்கும் புதுப் பெயர் சூட்டிச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஐஸ்வர்யா என்று நடிகை பெயரை எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. சாவித்திரி என்று வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

பெயரை மட்டும் மாற்றினால் போதுமா என்ற கேள்வி நியாயமானது. இயற்கையாக 100 பெண் பிறந்தால் சுமார் 105 ஆண் பிறக்கும். அதன்படி 1000 ஆண் குழந்தைகளுக்கு 950 பெண் குழந்தைகளாவது இருக்க வேண்டும். 2011 ஜனத்தொகைக் கணக்கில் ஆறு வயது வரையுள்ளவர்களில் இந்தியாவில் இருந்தது 919. தமிழ்நாட்டில் 943. மீதிப் பெண்கள் எங்கே? பெயர் கூட வாங்காமல் போனவர்கள்! 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும், 1994-ல் கருவில் ஆணா, பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கச் சட்டம் வந்ததும் இதற்காகத்தான். அந்தக் கணக்கோடு பார்த்தால், "வேண்டாம்" என்று பெயர் வைத்தாவது வளர்த்தார்களே என்றுகூடச் சொல்லத் தோன்றும்.

மாற்றுவது எப்படி?

பெயர் பிடிக்காதவர்கள் மாற்றிக்கொள்ளலாம். சென்னை அண்ணா சாலையில் அரசு எழுதுபொருள், அச்சுத் துறை அலுவலகம் இருக்கிறது. அங்கு உரிய படிவத்தில் மனுச் செய்து கட்டணம் கட்டினால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடுவார்கள். இதைத்தான் ஜனங்கள் "கெஜட்ல போடறது" என்கிறார்கள். 18 வயது நிரம்பியவர்கள் தாங்களே மனுப் போடலாம். சிறு பிள்ளைகளுக்குப் பெற்றோர் போட வேண்டும். அரசிதழைக் காட்டி மற்ற அட்டைகளில் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

நியூமராலஜிக்காக ஓர் எழுத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஆட்கள் இங்கு மனுப் போடுகிறார்கள். அதிர்ஷ்டம் வருமா, வராதா என்பது அவரவர் நம்பிக்கை. "வேண்டாம்" என்ற பெண் போடுகிற மனு அந்த ரகம் அல்ல.

அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு நாலே வரிதான். பழைய பெயர், பிறந்த தேதி, விலாசம், கடைசியில் "இனி இன்ன பெயரால் அழைக்கப்படுவார்" என்ற வாசகம். பாட்டியும் தகப்பனாரும் கூடிப் பேசி வைத்த பெயரை அந்த நாலு வரி அடித்துவிடும். புதுப் பெயரைத் தேர்ந்தெடுப்பவள் அவளே. கீழே கையெழுத்துப் போடுகிறவளும் அவளே!