ஸ்டார்ட் ஆகாத டிராக்டரும் ஒரு திருப்புளியும்



காலை பெரட்டு முடிந்தது. குலை வெட்டுகிறவர்கள் அவரவர் நிரைக்குப் போய்விட்டார்கள். கொட்டகையில் நிற்கும் பழைய டிராக்டர் மட்டும் அசையமாட்டேன் என்கிறது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடியும் திருப்பினால் மறுபடியும் 'டக்'. மண்டோர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். டிரைவர் இறங்குகிறார். சீட்டுக்கு அடியில் கிடக்கும் நீளமான திருப்புளியை எடுக்கிறார். பின் சக்கரத்துக்கு முன்னால் நின்று குனிந்து ஸ்டார்ட்டர் முனைகளைச் சேர்த்துத் தொடுகிறார். பொறி பறக்கிறது, எஞ்சின் எடுத்துக்கொள்கிறது. "பாத்தீங்களாண்ணே, நம்ம கை வைத்தியம்!" என்று சிரிக்கிறார்.

இந்தக் காட்சியை எத்தனையோ தோட்டங்களில் பார்த்துவிட்டேன். நானும் கூட நின்று சிரித்தவன்தான். இப்போது சிரிக்க முடிவதில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

டிராக்டர் செய்தவன் முட்டாள் அல்ல. மெஸ்ஸி பெர்குசன் 135 என்ற வண்டி 1964-இல் வந்தது. இன்னும் சில தோட்டங்களில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அதில் ஹை-லோ கியர் தடியை நடுவில், நியூட்ரலில் வைத்தால்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்டு போகும். அதற்கென்றே கியர் பெட்டியில் சின்ன சுவிட்ச் ஒன்று உண்டு. வேறு பல டிராக்டர்களிலும் இப்படி ஒரு காவல்காரன் இருக்கிறான். திருப்புளியை வைத்துத் தொடும்போது நாம் சாவியை மட்டும் தாண்டவில்லை, இந்தக் காவல்காரனையும் தாண்டிப் போகிறோம். நேற்று யாரோ கியரில் விட்டுப் போயிருந்தால் எஞ்சின் எடுத்த அந்த நொடியிலேயே வண்டி நகரும். தொட்டவர் நிற்பது எங்கே? பெரிய சக்கரத்துக்கு முன்னால். பின்னால் குதிக்க நேரம் கிடைக்காது. ஸ்டார்ட்டரின் இழுப்பே கீழ் கியரில் வண்டியை நகர்த்தப் போதும். எஞ்சின் பிடிக்கக்கூட வேண்டியதில்லை.

சரி, திருப்புளி வேண்டாம், வண்டி எப்படி ஓடும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பத்துக்கு ஏழெட்டு தடவை ஸ்டார்ட்டரில் கோளாறே இருக்காது என்பது பழைய பிட்டர்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. பேட்டரியில் தொடங்கி ஸ்டார்ட்டரில் முடிகிற அந்த இரண்டு தடித்த கேபிள்களில்தான் பெரும்பாலும் வியாதி இருக்கும். முதலில் காதால் கேளுங்கள்.

'டக டக டக' என்று வேகமாக அடித்துக்கொண்டால் பேட்டரி பலவீனம், அல்லது முனையில் பச்சை பூத்திருக்கிறது. ஒரே ஒரு 'டக்' கேட்டு நின்றுவிட்டால் கரண்டு வழியில் எங்கோ தடை. அல்லது சாலினாய்டின் உள்ளே செம்புப் பட்டை தேய்ந்து கருகியிருக்கும். சத்தமே இல்லையென்றால் சாவி சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், அவற்றுக்குப் போகும் மெல்லிய வயர் ஆகியவற்றைப் பாருங்கள். கியர் தடியை ஒரு தடவை நன்றாக ஆட்டி மறுபடி நடுவில் வைத்தாலே சில வண்டிகள் எடுத்துக்கொள்ளும். 'உய்ங்' என்று ஸ்டார்ட்டர் மட்டும் தனியாகச் சுற்றி எஞ்சின் திரும்பாவிட்டால் பல்சக்கரம் போய்ப் பிடிக்கவில்லை. அது கழற்றிப் பார்க்கவேண்டிய வேலை, ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்தது விளக்கு வைத்தியம். மீட்டர் இல்லாதவர்களுக்கு இதுதான் மீட்டர். நியூட்ரலில் வைத்து, பிரேக்கைப் பூட்டி, எஞ்சின் நிறுத்தும் குமிழை இழுத்துவிடுங்கள். ஹெட்லைட்டைப் போட்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கைப் பார்க்க வேறு ஆள் நின்றால் பக்கவாட்டில், சக்கரத்தை விட்டு எட்டி நிற்கட்டும். விளக்கு ஒரேயடியாகச் செத்துப்போனால் பேட்டரி முனையில் பிடிப்பு இல்லை. மங்கிச் சிவந்துபோனால் பேட்டரி காலி, இல்லையேல் ஸ்டார்ட்டர் இறுகிக் கிடக்கிறது. விளக்கு பளிச்சென்று அப்படியே எரிந்தால் ஸ்டார்ட்டருக்குக் கரண்டு போகவே இல்லை. சுவிட்ச் பக்கமோ சாலினாய்டிலோ தேடுங்கள்.

மீட்டர் உள்ளவர்களுக்கு: இரவெல்லாம் சும்மா நின்ற 12 வோல்ட் பேட்டரி நன்றாக இருந்தால் 12.6 காட்டும். 12.2 என்றால் பாதி காலி. சாவியைத் திருப்பி எஞ்சின் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று சொல்லலாம். எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டி நிற்கவேண்டும். நிற்காவிட்டால் சார்ஜ் ஏறவில்லை. பெல்ட் தளர்ச்சியா என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் டைனமோவையோ ஆல்டர்னேட்டரையோ திட்டுங்கள்.

இப்போது கேபிளுக்கு வருவோம். மேல் ரப்பர் புதிதுபோல் இருக்கும். உள்ளே செம்புக் கம்பி பச்சைப் பொடியாகிக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. நம் மழையும் உர மூட்டையின் உப்பும் சேர்ந்து செய்கிற வேலை இது. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. இரண்டு மூன்று தடவை சாவியைத் திருப்பிவிட்டு, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, கேபிளின் முனைகளைத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அங்கேதான் தடை. மீட்டரில் பார்த்தால், சுற்றும்போது பேட்டரி முனைக்கும் ஸ்டார்ட்டர் போல்ட்டுக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. எர்த் பக்கத்தையும் இதே மாதிரி பாருங்கள். எர்த் கேபிளை யாரும் கவனிப்பதில்லை. பெயிண்ட் மேலேயே போல்ட்டை முடுக்கிவிட்டு, "புது ஸ்டார்ட்டர் போட்டும் எடுக்கலையே" என்று தலையைச் சொறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரும்பு பளபளக்கும்வரை சுரண்டிவிட்டுத்தான் முடுக்கவேண்டும்.

முனையைக் கழுவ வீட்டில் இருக்கும் ஆப்பச் சோடாவைச் சுடுதண்ணீரில் கலந்து ஊற்றினால் போதும். பேட்டரி மூடிக்குள் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு, முடுக்கியபின் வாசலின் தடவுங்கள். கழற்றும்போது உடம்போடு சேர்ந்த எர்த் கேபிளை முதலில் கழற்றவேண்டும். மாட்டும்போது அதுதான் கடைசி. அப்போதுதான் ஸ்பேனர் தவறி இரும்பில் பட்டாலும் பொறி வராது. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில், போர்ட்சன் மேஜர் போன்றவற்றில், பிளஸ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். பார்க்காமல் லோரி பேட்டரியிலிருந்து கரண்டு கொடுக்கப் போய் வயரை எரித்தவர்கள் உண்டு. சார்ஜ் ஏறும் பேட்டரி பக்கத்தில் சிகரெட் கூடவே கூடாது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் வெடிக்கும், ஆசிட் கண்ணில் தெறிக்கும்.

ராத்திரி நன்றாக இருந்து காலையில் காலியாகிற பேட்டரிக்கு ஒரு சோதனை. மாலையில் எர்த் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். காலையில் மாட்டியதும் வண்டி எடுத்தால் பேட்டரியில் குற்றமில்லை, எங்கோ வயர் கசிகிறது. அப்படியும் எடுக்காவிட்டால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது.

மேட்டில் நிறுத்திவைத்து உருட்டி எடுப்பதும் நம்மிடையே ஒரு பழக்கம். அதுவும் திருப்புளியின் தம்பிதான். பிரேக் சரியில்லாத வண்டியோடு மேட்டிலிருந்து இறங்குவது எந்த மெக்கானிக் புத்தகத்தில் இருக்கிறது?

இதையெல்லாம் டிரைவரே செய்யவேண்டுமா? முனையைத் துடைப்பது, தண்ணீர் பார்ப்பது, காதால் கேட்டு இன்ன கோளாறு என்று சொல்வது, இவை நம் வேலை. கேபிள் வாங்கித் தருவது, சுவிட்ச் மாற்றுவது, பேட்டரி மாற்றுவது நிர்வாகத்தின் வேலை. இந்த இரண்டும் குழம்பிப்போகிற இடத்தில்தான் திருப்புளி வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் நடந்தது. பெயர் வேண்டாம். முப்பது வருடம் வண்டி ஓட்டிய மனிதர். முந்தின நாள் வேறொருவர் வண்டியைக் கியரில் விட்டுப் போயிருக்கிறார். காலையில் இவர் வழக்கம்போல் திருப்புளியை வைத்தார். சக்கரம் காலில் ஏறி இறங்கியது. கொட்டகைத் தூணில் மோதித்தான் வண்டி நின்றது. ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருக்கும்போதே விளக்கம் கேட்டு நிர்வாகத்தின் கடிதம் வீட்டுக்கு வந்துவிட்டது: பாதுகாப்பு விதியை மீறினாய், ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?

நான் போனபோது அவர் சம்சாரம் அழவில்லை. அடுப்படியிலிருந்து ஒரு 555 புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். கடைக் கடன் எழுதுவோமே, அந்தச் சின்னப் புத்தகம்தான். "அண்ணே, இதுல என்னமோ எழுதி வச்சிருக்காரு, பாருங்க" என்றார். ஒரு பக்கம் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய். மறு பக்கத்தில் தேதி போட்டு, "வண்டி எடுக்கல. கேபிள் கெட்டுப்போச்சு. போமன்கிட்ட சொன்னேன்." இன்னொரு தேதி, அதே வரி. மூன்றாவது தேதி, அதே வரி, கூடவே "ஸ்க்ரூ டிரைவர் வச்சு எடுன்னு சொன்னாரு."

அந்த மூன்று வரியை மேசைமேல் வைத்ததும் பேச்சின் திசை மாறியது. கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். சொக்சோவும் கிடைத்தது. விதியை மீறினார் என்பதற்காக மட்டும் சொக்சோ கதவு மூடிவிடாது. முதலாளியின் வேலைக்காகச் செய்த காரியம் என்றால் கேட்க வழி இருக்கிறது. டாக்டர் லீவு கொடுத்த நாட்களுக்குச் சட்டக் கணக்குப்படி தினச் சம்பளத்தில் 80 சதவீதம் வரும். விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்கவேண்டும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இதில் சேர்ந்துவிட்டார்கள். கூட வேலை செய்யும் பங்களாதேஷ் தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள், அவருக்குத் தமிழ்ப் பத்திரிகை படிக்கத் தெரியாது.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1994-ஆம் ஆண்டு வேலை பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தோட்டத்துக்கும் உண்டு. பாதுகாப்பான இயந்திரம் தருவது முதலாளி கடமை. பாதுகாப்பில்லை என்று புகார் சொன்னதற்காக உங்களை வேலையிலிருந்து நிறுத்தக்கூடாது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்கவேண்டும். திருத்தம் வந்து 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி, சொல்லியும் நிர்வாகம் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை இப்போது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. முதலாளிக்கான அபராத வரம்பு 50,000 ரிங்கிட்டாக இருந்தது, 500,000 ஆகிவிட்டது. ஒரு கேபிள் என்ன விலை என்று பட்டணத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. வண்டி நின்றால் பழம் ஆலைக்கு நேரத்தோடு போகாது, டன் கணக்கில் சம்பளம் வாங்கும் வெட்டுக்காரர்களுக்கும் நட்டம். "நீ திருப்புளிய வைக்காததாலதான் எங்க பழம் கெடக்குது" என்று நம் ஆட்களே டிரைவரைப் பிடித்துக்கொள்வார்கள். மானேஜரைவிட இந்தப் பேச்சுதான் டிரைவரை அதிகம் அழுத்துகிறது. கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். வண்டி நின்ற நாளில் வெட்டுக்காரர்களும் டிரைவரோடு சேர்ந்து போமனிடம் போய் நின்றால், கேபிள் சீக்கிரம் வரும். இதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டத்தில் பார்த்தேன்.

அந்தத் தோட்டத்து வண்டியில் பிற்பாடு கேபிளை மாற்றினார்கள். அரை மணி நேர வேலை. டிரைவர் இப்போது காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார், எடைப் பாலத்தில் சுலப வேலை கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் பார்த்தேன். சட்டைப் பையில் 555 புத்தகம் இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்: "எடைப் பாலத்து விளக்கு எரியல. கிராணிகிட்ட சொன்னேன். மணி 4."