மின்னஞ்சலில் படம் தெரியவில்லையா? பாதுகாப்பு மென்பொருளை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள்



பயிலரங்கு அழைப்பிதழ், கதைப் போட்டி விதிமுறை, மொழி விழா அறிவிப்பு எனப் பலவும் இப்போது படமாகத்தான் மின்னஞ்சலில் வருகின்றன. திறந்து பார்த்தால் சில நேரம் படத்தைக் காணோம். வெறும் கட்டம்தான் இருக்கிறது. அதன் மூலையில் சிவப்புப் பெருக்கல் குறியோ கிழிந்த காகிதம் போன்ற சின்னமோ தெரிகிறது. "டீச்சர், எனக்கு ஒன்னுமே தெரியலையே, உங்களுக்கு வந்துச்சா?" என்று புலனக் குழுவில் கேள்வி வரும். கொஞ்ச நேரத்தில் யாராவது பதில் போடுவார்: "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க, வந்துரும்."

சில வேளைகளில் வந்தும் விடும். ஆனால், அந்தக் கணினியில் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மாணவர்களின் மதிப்பெண் பட்டியல், அடையாள அட்டை எண், பெற்றோரின் கைப்பேசி எண், இன்னும் அச்சுக்குப் போகாத தேர்வுத்தாள். ஒரு போஸ்டரைப் பார்ப்பதற்காக இத்தனைக்கும் காவலாக இருப்பதை நிறுத்திவிட்டு, திரும்ப இயக்க மறந்துபோனால் என்ன ஆகும்? தடுப்பது எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் சரிசெய்வதே முறை. அதற்குக் கணினி நிபுணராக இருக்க வேண்டியதில்லை.

படம் எங்கிருந்து வருகிறது?

மின்னஞ்சல் படங்கள் இரண்டு வகை. ஒன்று, மடலோடு சேர்ந்தே வரும் படம். இது மடல் வந்தபோதே உங்கள் பெட்டிக்கு வந்துவிடும். மற்றொன்று, வெளியே ஒரு சர்வரில் இருக்கும் படம். மடலில் அதன் முகவரி மட்டும் இருக்கும். நீங்கள் மடலைத் திறக்கும்போதுதான் படம் அங்கிருந்து எடுத்து வரப்படும். பெரும்பாலும் தடைபடுவது இந்த இரண்டாம் வகைதான்.

ஏன் தடுக்கிறார்கள்? வெளியிலிருந்து படம் கேட்கும்போது, "இவர் மடலைத் திறந்துவிட்டார்" என்ற செய்தி அந்தச் சர்வருக்குப் போய்விடுகிறது. குப்பை மடல் அனுப்புபவர்கள் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி அளவு படத்தை வைத்து, எந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று கண்டுகொள்வது பழைய தந்திரம். அதனால்தான் அவுட்லுக் போன்ற மின்னஞ்சல் மென்பொருள்கள் தாமாகவே வெளிப்படங்களை நிறுத்தி வைக்கின்றன. ஜிமெயில் 2013 டிசம்பர் முதல் வேறு வழியைக் கையாள்கிறது. படத்தைத் தன் சொந்தச் சர்வர் மூலம் வாங்கிக் காட்டுகிறது. ஆனாலும் சந்தேகத்துக்குரிய மடல் என்றால் அதுவும் படத்தை மறைத்துவிடும்.

தடுப்பது யார்?

நான்கு பேரில் ஒருவராக இருக்கலாம்.

1. மின்னஞ்சல் மென்பொருளே. மேலே சொன்ன காரணம்தான்.

2. உலாவியில் நீங்கள் சேர்த்த விளம்பரத் தடுப்பான். இது படத்தின் உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை, முகவரியைத்தான் பார்க்கிறது. படக்கோப்பின் முகவரியில் விளம்பரத்தைக் குறிக்கும் சொல் எதாவது இருந்தால், நல்ல படத்தையும் நிறுத்திவிடக்கூடும்.

3. கணினியில் உள்ள ஆன்டிவைரஸின் இணையப் பாதுகாப்புப் பகுதி. கோப்புகளைச் சோதிக்கும் பகுதி வேறு, இது வேறு. இது இணையத்திலிருந்து வரும் எல்லாவற்றையும் இடையில் நின்று பார்க்கும். பூட்டுக்குறி உள்ள பாதுகாப்பான தொடர்பைக்கூட இடையில் பிரித்துப் பார்க்கும் மென்பொருள்கள் உண்டு. அங்கே சிக்கல் வந்தால் எழுத்து வரும், படம் வராது.

4. பள்ளியின் வலையமைப்பு. அங்கே உள்ள வடிகட்டி சில சர்வர்களை மொத்தமாக மூடியிருக்கலாம்.

ஐந்தாவதாக ஒருவர் உண்டு, ஆனால் அவர் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. அவர்தான் கணினியின் கடிகாரம். பழைய கணினியில் உள்ளிருக்கும் சிறிய பேட்டரி தீர்ந்துவிட்டால், தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும். படங்களும் வராமல் போகும். ஆகவே முதலில் திரையின் மூலையில் தேதியைப் பாருங்க. ஒரு விநாடி வேலைதான்.

வரிசையாகச் சோதியுங்கள்

அறிவியல் ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்வதுதான் இங்கேயும்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினால் படம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

முதல் படி: மடலின் மேற்பகுதியைப் பாருங்கள். 'படங்களைக் காட்டு' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா? அனுப்பியவர் தெரிந்தவர் என்றால் அதை அழுத்துங்கள். பாதிப் பேருடைய பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாம் படி: அதே மடலைக் கைப்பேசியில், வைஃபையை மூடிவிட்டு, உங்கள் சொந்த டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கேயும் படம் இல்லையென்றால் உங்கள் கணினியின் மேல் குற்றமில்லை. அனுப்பியவர் படத்தை நீக்கியிருக்கலாம், அல்லது தனக்கு மட்டும் அனுமதி உள்ள இடத்தில் வைத்திருக்கலாம். அவரிடமே கேளுங்கள்.

மூன்றாம் படி: டேட்டாவில் வந்ததென்றால், கைப்பேசியைப் பள்ளி வைஃபையில் இணைத்து, இதுவரை திறக்காத அதுபோன்ற வேறொரு மடலைத் திறங்கள். பார்த்த மடலையே திறந்தால் சேமித்து வைத்த படம் தெரிந்து குழப்பிவிடும். இங்கே வரவில்லையென்றால் தடுப்பது வலையமைப்பு.

நான்காம் படி: கணினிக்கு வாருங்கள். உலாவியில் மறைநிலைச் சாளரம் திறந்து, மின்னஞ்சலுக்குள் நுழையுங்கள். நீங்களாக அனுமதித்திருந்தால் ஒழிய, அந்தச் சாளரத்தில் விளம்பரத் தடுப்பான் போன்ற நீட்சிகள் இயங்குவதில்லை. இங்கே படம் வந்தால் ஆள் பிடிபட்டாச்சு. ஆசிரியர் அறையின் பொதுக் கணினி என்றால், வேலை முடிந்ததும் சாளரத்தை மூடிவிடுங்கள்.

ஐந்தாம் படி: அப்படியும் வரவில்லையென்றால் மட்டுமே ஆன்டிவைரஸைத் தொடுங்கள். அதிலும் முழுவதையும் நிறுத்தாதீங்க. இணையப் பாதுகாப்புப் பகுதியை மட்டும், பத்து நிமிடம் போலக் கால அளவு குறித்து நிறுத்துங்கள். அந்த நேரத்தில் அந்த ஒரு மடலைத் தவிர வேறு எதையும் திறக்க வேண்டாம். பார்த்த உடனே மறுபடியும் இயக்கிவிடுங்கள்.

கண்டுபிடித்த பிறகு

அவுட்லுக் என்றால், அனுப்புநரைப் பாதுகாப்பான அனுப்புநர் பட்டியலில் சேர்த்தால் போதும். ஃபைல், ஆப்ஷன்ஸ், டிரஸ்ட் சென்டர், ஆட்டோமேட்டிக் டவுன்லோட் என்று போய் எல்லாருடைய படங்களையும் திறந்துவிட வேண்டிய அவசியமில்லை. விளம்பரத் தடுப்பான் என்றால், மின்னஞ்சல் தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். ஆன்டிவைரஸ் என்றால், அதன் விலக்குப் பட்டியலில் அந்த ஒரு தளத்தைச் சேருங்கள். முதலில் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள், சில நேரம் அதுவே போதும்.

வலையமைப்பு என்றால் நாம் செய்ய ஒன்றுமில்லை. பொறுப்பாளரிடம்தான் சொல்ல வேண்டும். "படம் வரலைங்க" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. அனுப்பியவர் யார், எத்தனை மணிக்குத் திறந்தீர்கள், டேட்டாவில் வந்ததா, வைஃபையில் வந்ததா என்று நான்கு வரி எழுதிக் கொடுங்கள். அவர் வேலை பாதியாகிவிடும்.

முன்பின் தெரியாதவர் மடலில் படம் மறைந்திருந்தால், அது மறைந்தே இருக்கட்டும். அங்கே மென்பொருள் சரியாகத்தான் வேலை செய்கிறது.

அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு

நாமும் மடல் அனுப்புகிறவர்கள்தானே? ஒரு காலத்தில் ஒவ்வொருவர் கணினியிலும் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு. அதே எழுத்துரு நம்மிடம் இல்லையென்றால் கிறுக்கலாகத்தான் தெரியும். படமாக்கி அனுப்புவதில் நியாயம் இருந்தது. யூனிகோடில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றுவிட்டது. இன்றைய கணினிகளும் கைப்பேசிகளும் யூனிகோடு தமிழைத் தடையில்லாமல் காட்டுகின்றன. ஆனால், நம் பழக்கம் மட்டும் மாறவில்லை.

போஸ்டர் அழகாக இருக்கட்டும், அனுப்புங்கள். ஆனால் நாள், நேரம், இடம், இறுதி நாள் ஆகிய நான்கையும் மடலிலேயே எழுத்தாகத் தட்டச்சு செய்துவிடுங்கள். படம் தடைபட்டாலும் செய்தி போய்ச் சேரும். ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் மடல் கிடைக்கும். பார்வைக் குறைபாடு உள்ள ஆசிரியரின் திரைவாசிப்பானும் அதைப் படித்துச் சொல்லும். வெற்றுக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒரு மாணவரின் பெயரைப் போட்டிக்கு அனுப்பத் தவறிய நிலை யாருக்கும் வரக்கூடாது.